முறைப்படி ஓடிப்போனவர்கள்

ஒருவர் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அந்தச் செய்தி மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் உடனே தெரிய வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. யாரும் குறை சொல்ல முடியாத முடிவு. நோயாளி சேர்ந்தார், வார்டு மாறினார், வீட்டுக்குப் போனார் என்று எது நடந்தாலும் ஒரு கணினி மற்ற கணினிகளுக்குச் சொல்லிவிடும். ‘நோயாளர் நிகழ்வு அறிவிப்புத் திட்டம்’ என்று அதற்குப் பெயர். தொடக்க விழாவில் பேசிய அதிகாரி, இனி எந்த நோயாளியும் தனியாக இல்லை என்றார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. மேடைக்கு எதிரே ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் தண்ணீர் கேட்டது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அக்காவுக்கு இந்தத் திட்டத்தின் பயன் சீக்கிரமே வந்து சேர்ந்தது. அவள் தம்பி லேத்துப் பட்டறைக்காரன். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் உள்ள டயாலிசிஸ் சென்டரில் உட்கார்ந்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டால்தான் உயிர். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டயாலிசிஸ் நாள் வந்தது. கூப்பிட யாரும் வரவில்லை.

“சிஸ்டர், தம்பியை மாடியில இருக்கற டயாலிசிஸ் வார்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?”

“எதிர்ல சென்டர்ல அவர் பேர்ல நாற்காலி இருக்கே, கணினி காட்டுது. ஒருத்தருக்கு ரெண்டு எடம் தரக்கூடாதும்மா.”

அக்கா சாலையைக் கடந்தாள். சென்டரில் இடம் ஒதுக்குகிறவரை எல்லோரும் நாற்காலியம்மா என்பார்கள். அந்த அம்மாள் திரையைப் பார்த்துவிட்டு மலர்ந்த முகத்துடன் சொன்னார்: “உங்க தம்பி அட்மிட் ஆனது எங்களுக்கு உடனே வந்துடுச்சு. அந்த நிமிஷமே நாற்காலியை நிறுத்தி வெச்சுட்டோம். அட்மிட் ஆனவருக்கு ஆஸ்பத்திரிதான் செய்யணும்.”

“அவங்க நாற்காலி இங்க இருக்குங்கறாங்களே.”

“இருக்கு. நிறுத்தி வெச்சிருக்கோம்.”

“காலியாத்தான இருக்கு?”

“காலி இல்லம்மா. நிறுத்தி வெச்சிருக்கோம்.”

அக்கா எட்டிப் பார்த்தாள். நாற்காலி விரிப்பு கசங்காமல் இருந்தது. பக்கத்தில் மெஷின் சும்மா நின்றது. அதன்மேல் யாரோ குடையை மாட்டியிருந்தார்கள்.

திரும்பி வந்து அறிவிப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் டிங்டாங். அவர் அறையில் கணினி நொடிக்கொரு தரம் டிங்கென்று ஒலிக்கும். ஒவ்வொரு டிங்குக்கும் அவர் முகத்தில், பேரப்பிள்ளை பேசக் கேட்ட மகிழ்ச்சி வரும்.

“சார், என் தம்பிக்கு டயாலிசிஸ் நடக்கலை.”

“அது நிகழ்வு இல்லம்மா. நடந்தாத்தான் நிகழ்வு.”

“நடக்கலைன்னுதான சார் வந்திருக்கேன்.”

“உங்க கவலை புரியுது. ஆனா நடக்காததை எல்லாம் அறிவிக்க ஆரம்பிச்சா கணினி தாங்குமா? இந்த ஆஸ்பத்திரில நடக்காதது எவ்வளவு இருக்குன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.”

அக்கா யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

“அப்ப டிஸ்சார்ஜாவது பண்ணிடுங்க. அங்க நாற்காலி கிடைச்சிடும்ல?”

“அதை டாக்டர்தான் சொல்லணும்.”

டாக்டரைப் பிடித்தாள். டயாலிசிஸ் செய்யாமல் இந்த நிலையில் வீட்டுக்கு அனுப்ப முடியாது, செய்த பிறகு டிஸ்சார்ஜ் தருகிறேன் என்றார். மறுபடி டிங்டாங்கிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டு, “டாக்டர் சொல்றது மருத்துவப்படி சரி. சென்டர் சொல்றது விதிப்படி சரி. எங்க அறிவிப்பும் சரியாப் போயிருக்கு” என்று தீர்ப்பு சொன்னார்.

“அப்ப தப்பு யார் மேல சார்?”

“உங்க தம்பிதாம்மா ரெண்டு எடத்துல நோயாளியா இருக்காரு.”

வார்டில் தம்பியின் முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. மூச்சு இழுத்து இழுத்துப் பேசினான். “நான் இருக்கேன்னு எல்லாக் கணினிக்கும் தெரியுதாமே. எனக்குத்தான்க்கா சந்தேகமா இருக்கு.”

“வாயை மூடிட்டுப் படு,” என்றாள். அடுத்த நிமிடம் மீண்டும் டிங்டாங் முன்னால் நின்றாள். “சார், நிகழ்வுன்னா என்னென்ன, மொத்தமாச் சொல்லுங்க.”

அவரிடம் இப்படி ஆர்வமாக யாரும் கேட்டதில்லை. உட்காரச் சொல்லி விளக்கினார். சேர்க்கை, இடமாற்றம், வெளியேற்றம், இறப்பு. “இன்னொண்ணு இருக்கு, தப்பியோட்டம். சொல்லாம கொள்ளாம ஓடிப்போறவங்களுக்கு. அதுக்கு மட்டும் திரை சிவப்பாயிடும். அட்மிஷன் அப்பவே ரத்து. டாக்டர் கையெழுத்துகூட வேண்டாம்.”

அக்கா அவருக்கு நன்றி சொல்லிவிட்டு ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வார்டுக்குப் போனாள்.

“எங்கம்மா கூட்டிட்டுப் போறீங்க?” என்று நர்ஸ் மறித்தாள்.

“ஓடிப்போறோம் சிஸ்டர்.”

“சொல்லாமப் போனாத்தாம்மா தப்பியோட்டம். இப்பச் சொல்லிட்டீங்களே.”

“நீங்க காதுல வாங்கிக்காதீங்களேன்.”

நர்ஸ் கொஞ்சம் யோசித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் ரெகுலேட்டரை ஆராயத் தொடங்கினாள். வார்டு ஆயா கதவைப் பிடித்துக்கொண்டார். காவலாளி குறுக்குக் கம்பத்தைத் தூக்கிவிட்டு, “பள்ளம் இருக்கு, பார்த்து ஓடுங்க” என்றார். அவர்கள் சாலையைக் கடப்பதற்குள் நாற்காலியம்மாவின் திரை சிவந்துவிட்டது. குடையை எடுத்தார்கள். மெஷின் சுற்றியது. மாலையில் தம்பிக்கு வீக்கம் வடிந்து, லேத்தில் எவன் கை வைத்தான் என்று போனில் சண்டை போடும் அளவுக்கு உடம்பு தேறியது. காய்ச்சலுக்காக மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். டிங்.

இந்த வைத்திய முறை வார்டு வார்டாகப் பரவியது. டயாலிசிஸ் நாளில் சக்கர நாற்காலிகள் மந்தையாகச் சாலையைக் கடந்தன. போய் வந்து, போய் வந்து, அறிவிப்புகள் பல மடங்கு பெருகின. டிங்டாங்குக்கு விருது கிடைத்தது. ஆனாலும் மேலிடம் கவலைப்பட்டது. மக்கள் ஓடிப்போவதில் ஒழுங்கு இல்லை என்று ஒரு குழு கண்டறிந்தது. பொதுமக்களின் மேலான வசதியைக் கருத்தில் கொண்டு, வாசலருகே ‘தப்பியோட்டச் சேவை மையம்’ திறக்கப்பட்டது. ஓடிப்போகிறவர் டோக்கன் வாங்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை என்று அங்கே சொல்ல வேண்டும். டோக்கன் இல்லாத ஓட்டம் செல்லாது.

இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே ஒரு சாலைதானே, ஒருவர் போய்ப் பேசி முடிக்கக்கூடாதா என்று கேட்க அங்கே ஒரு வாய் இல்லை. வாய்கள் வேறு கோரிக்கைகளில் மும்முரமாக இருந்தன. நிழலுக்குக் கூரை கேட்டார்கள், கிடைத்தது. கூரைக்கு விசிறி கேட்டார்கள். பெண்களுக்குத் தனி வரிசை கேட்டு மனுக் கொடுத்தார்கள். நமக்காக ஏதோ செய்கிறார்கள் என்று திருப்தியாகப் பேசிக்கொண்டார்கள். காவலாளியை டோக்கன் கிழிக்க மாற்றிவிட்டதால் வாசல் திறந்தே கிடந்தது.

அன்று அக்கா தம்பியோடு வரிசையின் நடுவில் நின்றாள். வெயில் ஏறிவிட்டது. தம்பிக்கு இளைக்கத் தொடங்கியிருந்தது. அப்போது ஒருவர் தன் மனைவியைச் சக்கர நாற்காலியில் வைத்து, வரிசையைப் பார்க்காமல் வாசலை நோக்கித் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பெண்ணின் முகம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. அக்காவுக்கு அந்த வீக்கம் தெரியும்.

அவள் போய்ச் சக்கரத்தில் காலை வைத்து மறித்தாள். “எங்கங்க போறீங்க?”

“மூச்சு முட்டுதும்மா அவளுக்கு. வாசல் தொறந்துதான இருக்கு?”

“தொறந்திருந்தா? நாங்க எல்லாரும் ஓடிப்போகத்தான நிக்கிறோம். ஓடுறதுக்கு ஒரு முறை இருக்கு இல்ல? பின்னால போய் நில்லுங்க.”

“விடேன்க்கா,” என்றான் தம்பி.

“நீ சும்மா இரு. உனக்கே இளைக்குது.”

அந்த மனிதர் வரிசையை ஒருமுறை பார்த்தார். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு கடைசிக்குப் போனார். அக்கா தன் இடத்துக்குத் திரும்பியதும், முன்னால் நின்ற பெரியவர், “நல்லாக் கேட்டீங்கம்மா, நாலு பேர் இப்படி இருந்தாத்தான் நாடு உருப்படும்” என்று சொல்லி, அவள் நிழலில் நிற்கக் கொஞ்சம் இடம் விட்டார்.