கருமாதியன்று நான் வாசித்த கால் ஆர்மோனியம்

என் கைகள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு மானத்தை வாங்கியவை கால்கள்தான்.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஆர்மோனியம் கற்றுக்கொள்ளப் போனேன். வயது இருபத்தாறு. (கையில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு சரிகம!) சொல்லிக்கொடுத்த தாமோதரன் என்னைவிட இரண்டு வயது சின்னவன், எங்கள் தெரு பஜனைக்கு வாசிப்பவன். அவனிடம் இருந்தது கலைந்துபோன நாடகக் கம்பெனியின் கால் ஆர்மோனியம். இரண்டு மிதிகளையும் மாறி மாறி, ஓயாமல் மிதித்தால்தான் காற்று வரும்.

அங்கேதான் வந்தது வினை. தறியில் ஒரு மிதியை அமுக்கினால், நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை காலை எடுக்கக் கூடாது. பத்து வயதில் தறிக்குழியில் இறங்கிய கால்கள் என்னுடையவை. அமுக்கும், அப்படியே நிற்கும். பெட்டி ஊமையாகிவிடும்.

"நல்லாத்தாண்ணா வருது. காலை மட்டும் நிறுத்தாத," என்பான் தாமோதரன். ஆறு மாதம் இதையே சொன்னான். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை, பாவி.

அப்பா போவதற்கு முன் ஒரே ஓர் ஆசை சொன்னார். "என் கருமாதிக்கு வெளியாள் வேணாம்பா. நீயே வாசி."

சரி என்று தலையாட்டினேன்.

பதினாறாம் நாள் தெருவே கூடியிருந்தது. அப்பாவுக்குப் பிடித்த பதிகத்தை எடுத்தேன். முதல் வரி நன்றாகத்தான் போனது. நிமிர்ந்து அவர் படத்தைப் பார்த்தேன், தொலைந்தேன். கால்கள் நெய்ய ஆரம்பித்துவிட்டன. கொஞ்சம் சத்தம், கொஞ்சம் மௌனம். பாடியவர்கள் பாதி வார்த்தையில் நின்றார்கள்.

"இன்னாடா இது, பெட்டியும் இழுத்துக்கினு இருக்குது?" என்றார் பெரியப்பா, உரக்கவே.

அப்பாவுக்குக் கொடுத்த கடைசி வாக்கு. அதுவும் போச்சே என்று எனக்கு அழுகை முட்டியது.

காலடியில் ஏதோ நகர்ந்தது. சலவைச் சட்டையோடு தாமோதரன் பெட்டிக்கு அடியில் தவழ்ந்து வந்திருந்தான். என் கால்களைத் தள்ளிவிட்டு இரண்டு கைகளாலும் மிதிகளை அமுக்கினான்.

"நீ வாசிண்ணா. கீழ நான் இருக்கேன்."

கடைசி வரி வரை வாசித்தேன். பதினாறு நாளாக அழுதுகொண்டிருந்த அம்மா, வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவன் கால்களைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அழுதாள்.

ஆர்மோனியத்தை அதோடு விட்டேன். ஆனால் அந்தப் பேச்சு வீட்டில் தங்கிவிட்டது. என் பெண் பரீட்சைக்குக் கிளம்பினாலும் அம்மா, "தைரியமா போமா, கீழ ஆள் இருக்குது," என்பாள்.

போன வருஷம் தாமோதரனுக்கு நெஞ்சில் ஆபரேஷன். (பிழைத்துக்கொண்டான்.) உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது அவன் கையைப் பிடித்தேன்.

"பயப்படாதடா. கீழ நான் இருக்கேன்."

"ஐயோ, நீ வேணாண்ணா," என்றான். "பாதியில காலை நிறுத்திடுவே."