ஆளில்லாத அறையில் எரியும் விளக்கு

பல்கலைக்கழகக் கட்டடங்களில் ஓர் இனம் உலவுகிறது. அதைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி எல்லாம் வேண்டாம். நீங்கள் உங்கள் அறையில் உட்கார்ந்து, நாளைய வகுப்புக்கு ஏதோ குறிப்பெடுத்துக்கொண்டிருப்பீர்கள்; கதவு கொஞ்சமாகத் திறக்கும்; ஒரு கை மட்டும் உள்ளே வரும்; அது சுவரைத் தடவும்; ‘டப்’. இருட்டு. அதற்குப் பிறகுதான் குரல் வரும்: “உள்ள யாராவது இருக்கீங்களா?”

இதுதான் ஐயா, அணைப்பாளர் இனம். உலகத்தைக் காப்பாற்றுவது என்று முடிவு செய்துவிட்டவர்கள்; உங்கள் அறையிலிருந்து தொடங்குவது என்றும் முடிவு செய்துவிட்டவர்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் கணிதப் பேராசிரியர். அறிவியல் கட்டடம் முழுவதும் அவரை ‘இருட்டு சார்’ என்றுதான் சொல்லும். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியும்; தெரிந்து, உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கட்டடத்தின் மின்சிக்கனக் குழுவுக்கு அவர் தலைவரானது எப்படி என்று கேட்கிறீர்களா? தலைவரைத் தேர்ந்தெடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. வராதவர் தலையில் கட்டிவிடுவதுதானே பல்கலைக்கழக மரபு? விளையாட்டாகக் கட்டினார்கள். அவரோ அதைக் கிரீடமாக வைத்துக்கொண்டார்.

அவர் சொல்வதில் தப்பே கிடையாது. அதுதான் பெரிய தொல்லை. தப்பாகப் பேசுகிறவரை ஒரே வார்த்தையில் மடக்கிவிடலாம். சரியாகப் பேசுகிறவரை என்ன செய்வது? காலி வகுப்பறையில் ஏசி ஓடுகிறது, கதவும் திறந்து கிடக்கிறது என்பார். உண்மைதான். கம்ப்யூட்டர்களை அணைக்காமலே எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள் என்பார். உண்மைதான். மானிட்டரின் முதுகைத் தொட்டுப் பார்த்து, காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். நமக்கே குற்ற உணர்ச்சி வந்துவிடும்.

கழிப்பறையில் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்கு போட வைத்ததும் அவர்தான். நல்ல ஏற்பாடு. ஆனால் உள்ளே உட்கார்ந்திருக்கும் மனிதன் அசைய வேண்டிய அவசியம் என்ன? கணிசமான வயதும் அதைவிடக் கணிசமான உடம்பும் கொண்ட வேதியியல் துறைத்தலைவர், இருட்டில் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்ததைக் கதவுக்கு மேலாகப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நூலகத்திலும் அதே விளக்கு வந்தது. அங்கே படிக்கிறவர்கள் எல்லோரும் இருட்டில் இருந்தார்கள். தூங்கி விழுகிறவர்களுக்கு மட்டும் வெளிச்சம் தவறவில்லை.

சரி, அவருடைய அறை? அங்கே ஒரு குட்டி ஃப்ரிட்ஜ், ஒரு கெட்டில், கால் மாட்டுக்கு ஒரு தனி மின்விசிறி. கேட்டுப் பாருங்கள். “அது வேற விஷயம்” என்பார். மின்சிக்கனம் பற்றிப் பேச விமானம் ஏறிக் கடல்கடந்து போய்வந்தாரே? “நேர்ல போய்ச் சொன்னாதாங்க அழுத்தமா இருக்கும். அது வேற விஷயம்.” காகிதத்தைச் சேமிப்போம் என்று கெட்டி அட்டையில், நாலு வண்ணத்தில், கதவுக்குக் கதவு அறிவிப்பு ஒட்டியதும் வேறு விஷயந்தான். அறிவிப்பைக் கண் மட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த உயரத்தில் ஏற்கெனவே வேறு ஏதாவது ஒட்டியிருந்தால்? அதன் மேல் ஒட்டுவார்.

இப்படித்தான் அந்த நீண்ட விடுமுறை வந்து சேர்ந்தது. விடுமுறையில் எந்தக் கட்டடம் மின்சாரத்தை அதிகம் மிச்சம் பிடிக்கிறதோ அதற்குக் கேடயம் என்று நிர்வாகம் அறிவித்துவிட்டது. இருட்டு சாருக்கு இருப்புக்கொள்ளுமா? வீட்டிலிருந்து காரில் வந்து (அது வேற விஷயம்) மாடி மாடியாக ஏறி இறங்கினார். தரைத்தளத்தில், தாவரவியல் பக்கம், ஒரு கதவின் அடியிலிருந்து வெள்ளை வெளேரென்று வெளிச்சம் வழிந்தது. விடுமுறை நாளில்! பூட்டாத கதவு வேறு! பெரியவருக்கு ரத்தம் கொதித்தது. கதவு கொஞ்சமாகத் திறந்தது. கை உள்ளே போனது. ‘டப்’, ‘டப்’, ‘டப்’. “உள்ள யாராவது இருக்கீங்களா?”

உள்ளே இருந்தவை செடிகள். செடிகளுக்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை.

அது ஓர் ஆராய்ச்சி மாணவியின் வளர்ப்பறை. பகல் நீளமாக இருக்கிறது என்று நம்பினால்தான் மொட்டுவிடும் என்கிற ஒரு செடியைத் தட்டுத் தட்டாக வளர்த்து, விளக்கைக் காட்டி அதை ஏமாற்றி, எத்தனை வெளிச்சத்துக்கு அது ஏமாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. முதல் தடவை பூஞ்சணம் பிடித்துப் போனது. இரண்டாம் தடவை குளிர்சாதனம் பழுதாகிப் போனது. இது மூன்றாவது. இந்தப் பருவத்தோடு அவள் உதவித்தொகை முடிகிறது; அதற்குள் பூக்காவிட்டால் பட்டம் அவ்வளவுதான். காய்ச்சலில் படுத்திருந்தவள், விளக்குகள்தான் தானாக எரிந்து தானாக அணையுமே என்று நம்பிக்கொண்டிருந்தாள். ‘விளக்கை அணைக்காதீர்கள், உள்ளே செடிகள்’ என்று கதவில் ஒட்டியும் வைத்திருந்தாள். கண் மட்டத்தில்தான் ஒட்டியிருந்தாள், பாவம்.

விடுமுறை முடிந்த அன்று அவள் இருட்டு சார் அறைக்கு வந்தாள். கேடயம் நமக்குத்தான் என்ற செய்தி அப்போதுதான் வந்திருந்தது. மனிதர் தரையில் இல்லை.

“சார், கீழ வளர்ப்பறை லைட்ட நீங்களா அணைச்சீங்க?”

“நானேதாம்மா! ஆளில்லாத ரூம்ல கல்யாண வீடு மாதிரி எரியுது. அதை அணைச்சதுலதான் நாம ஜெயிச்சோம்னு வச்சுக்கோயேன். உக்காரு, உக்காரு.”

அவள் உட்காரவில்லை. கையிலிருந்த தட்டை மேசைமேல் வைத்தாள். வெளுத்து, நீண்டு, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்த தண்டுகள்.

“என்னம்மா இது?”

“என் தீசிஸ் சார்.”

அழுதிருந்தால்கூட அவர் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை, தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். இருட்டு சார் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, வாய் வரை வந்த ‘அது வேற விஷயம்’ என்ற சொல்லை விழுங்கினார்.

அன்று வீட்டில் அவர் எந்த விளக்கையும் அணைக்கவில்லை. மனைவிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏங்க, உடம்பு கிடம்பு சரியில்லையா? நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் லைட் எரிஞ்சுதே!”

அவர் நடந்ததைச் சொன்னார்.

“அந்தப் பொண்ணுக்கு இப்ப என்ன வழி?”

“மறுபடி விதைக்கணும். அதுக்கு நாள் வேணும். பதிவாளர் நீட்டிச்சுக் குடுத்தாத்தான் உண்டு. அந்த ஆளு கல்லுல நார் உரிக்கிறவரு.”

“நல்லதாப் போச்சு. நீங்க மட்டும் என்னவாம்? மனுஷனை உயிரெடுக்கிறதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா? போய் அவர் உயிரை எடுங்க.”

மனைவி சொன்னதை அவர் தட்டிப் பேசியதில்லை என்று சொல்ல மாட்டேன். அன்று பேசவில்லை.

மறுநாள் காலை பதிவாளர் விதிப்புத்தகத்தை விரித்துக் காட்டினார். “விதியில இடமில்லை சார். மாசக்கணக்கா படுக்கிற நோய், மகப்பேறு, இயற்கைச் சீற்றம். இந்த மூணுக்குத்தான் நீட்டிப்பு. நீங்க இதுல எதுல வர்றீங்க?”

“யோசிங்க, அவசரமில்லை” என்று சொல்லிவிட்டு இருட்டு சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? ஜன்னல் இருக்கும்போது ஏசி எதற்கு என்று எழுந்து அதை அணைத்தார். பகலில் விளக்கு எதற்கு என்று அதையும் அணைத்தார். யாருமே பார்க்காத பிரிண்டர் ஏன் கண் சிமிட்டுகிறது என்று அதன் கழுத்தைத் திருகினார். பதிவாளர் போடப் போட, இவர் அணைக்க அணைக்க, மதியச் சாப்பாட்டு வேளைக்குள் அந்த அறை அடுக்களையாகிவிட்டது. கடைசியில் மின்விசிறியை நோக்கி அந்தக் கை கிளம்பியபோது பதிவாளர் பேனாவை எடுத்தார்.

“எழுதிட்டேன் சார், கையெழுத்தும் போட்டுட்டேன். காரணம், இயற்கைச் சீற்றம். தயவுபண்ணிக் கிளம்புங்க.”

அவள் மறுபடி விதைத்தாள். இருட்டு சார் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? உங்களுக்கு அந்த இனத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. கேடயத்தை இரண்டாவதாக வந்த கட்டடத்துக்கு அவரே எடுத்துப் போய்க் கொடுத்தார். அதை எப்படித் துடைத்து வைக்க வேண்டும் என்று வெகு நேரம் வகுப்பும் எடுத்துவிட்டுத்தான் வந்தார். பிறகு வளர்ப்பறை வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, அந்தப் பக்கம் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, செடிக்கு வெளிச்சம் ஏன் முக்கியம் என்று விளக்கத் தொடங்கினார். ஒயரைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியனைக் கிட்டவே விடவில்லை. தாவரவியல் துறையே அவரிடம் தாவரவியல் கேட்டுக் களைத்துப்போனது.

ஒரு காலை அவள் ஓடி வந்து கூப்பிட்டாள். “சார், மொட்டு!”

அன்றைக்குத்தான் அவர் அந்தக் கதவை முழுக்கத் திறந்து, கையோடு தலையையும் உள்ளே கொண்டுபோனார். பச்சைப் பசேலென்று ஓர் அறை. கடுகளவு மொட்டுகள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். ஆனாலும் மனிதர் கேட்டாரே ஒரு கேள்வி: “ஏம்மா, அந்தக் கடைசித் தட்டு காலியாத்தானே இருக்கு? அதுக்கு மேல ஒரு லைட் எரியுதே?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கட்டுமா? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அறையில் விளக்கு எரிகிறதா என்று நடுவில் ஒரு தரம் எட்டிப் பார்த்தீர்களே, எதற்கு? எழுந்துகூட விட்டீர்கள் போலிருக்கிறதே? போங்கள், நல்ல காரியந்தான், தடுக்கவில்லை. தலையை முதலில் விட்டுவிட்டு, கையை அப்புறம் விடுங்கள்.