நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்று

"இந்தாங்க உங்க மாத்திரை. போன மாதிரியே வந்திருச்சு."

கிரிகரி அங்கிள் ஒரு பிளாஸ்டிக் பையை மேசையில் வைத்தார். உள்ளே எங்கள் கம்பெனியின் பிரஷர் மாத்திரை. கழுவித் துடைத்து, மேலே பொறித்த எழுத்துகூட அழியாமல். எந்த வழியாக வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

அங்கிள் எங்கள் லோரி டிரைவர். மாத்திரையைக் கிள்ளானுக்கு ஏற்றிப் போவதும் அவர்தான், விழுங்குவதும் அவர்தான். பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. வெள்ளிக்கிழமை லைசென்ஸுக்கு மெடிக்கல். இறங்கவில்லை என்றால் லோரி கிடையாது. நான் பள்ளியில் எஸ்பிஎம் பரீட்சை முடித்துவிட்டு, சுங்கை வேயில் இருக்கும் இந்த லேப்பில் மூன்று மாதமாக வேலை பார்க்கிறேன்.

தரக் கட்டுப்பாட்டு பெர்னிஸ் மேடம் பையைத் தொடாமல் பார்த்தார்.

"கரையாம இருக்க வாய்ப்பே இல்ல அங்கிள். எங்க வயித்துல இருபத்தெட்டே நிமிஷம்."

எங்க வயிறு என்பது ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே வெதுவெதுப்பான அமிலத் தண்ணீர், அதைக் கலக்க ஒரு துடுப்பு. மாத்திரை அதில் கரையும் வேகத்தை வைத்து, மனுஷன் உடம்பில் எப்படி ஏறும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஜாடி சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து, கேலிபிரேஷன் பண்ணிய சான்றிதழ் உண்டு. அங்கிள் வயிற்றுக்கு இல்லை.

"கடைசியா எப்ப உங்க வயித்தக் கேலிபிரேஷன் பண்ணீங்க?" என்றார் இயக்குநர் டாக்டர் பரமேஸ்வரன்.

"பண்ணதே இல்ல டாக்டர்."

"அம்பத்தாறு வருஷமா?"

அங்கிள் தலை குனிந்தார்.

உடனே கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. 'ஜாடியும் மனிதனும் முரண்படும் பட்சத்தில், சான்றிதழ் பெற்ற தரப்பே சரியெனக் கொள்ளப்படும். மற்ற தரப்பு உரிய முறையில் திருத்தப்படும்.'

திருத்தம் தொடங்கியது. ஜாடியில் முப்பத்தேழு டிகிரி, அங்கிளிடம் கொஞ்சம் குறைவு. ஸ்வெட்டர் மாட்டினார்கள். ஜாடியில் தொள்ளாயிரம் மில்லி. அதே அளவு தண்ணீரைக் குடிக்க வைத்தார்கள். ஜாடியில் துடுப்பு நிமிடத்துக்கு நூற்றைம்பது சுற்று.

"நீங்க எத்தன சுத்து அங்கிள்?"

"நான் நேராத்தான் போவேன் லா."

அதனால் புதன்கிழமை சாயங்காலம் கிள்ளான் ஃபன்ஃபேர். டீ கப் ராட்டினம். ஓட்டுபவர் அழகிரி அண்ணன், தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர்.

"அரை மணி நேரமா? சின்னப் புள்ளைங்களே மூணு நிமிஷத்துல அழுதுருங்க!"

"வேகம் நூத்தம்பது வேணும்" என்றார் மேடம்.

"அவ்வளவு வச்சா கப்பு பக்கத்து ஊரு ஷா ஆலாம்ல போய் விழும் மேடம்."

பன்னிரண்டுதான் வந்தது. அங்கிள் மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்வெட்டரோடு சுற்றினார். பதினோராவது நிமிடத்தில் தொள்ளாயிரம் மில்லியும் புல்லில். நடுவில் மாத்திரை, முழுசாக.

மேடம் அதை டிஷ்யூவால் எடுத்துக் காட்டினார். "பார்த்தீங்களா? வேகம் பத்தல."

வெள்ளிக்கிழமை மெடிக்கலில் அங்கிளுக்கு பிரஷர் நூற்றுத் தொண்ணூற்றாறு. லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு நிறுத்தம். லோரி சாவியை மேசையில் வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"அந்த நூத்தம்பத எவன் முடிவு பண்ணான்? பேப்பரக் காட்டு தம்பி."

ஃபைலைப் பிரித்தேன். ஐம்பது சுற்றில் கரையவில்லை. எழுபத்தைந்தில் கரையவில்லை. நூறில் கரையவில்லை. நூற்றைம்பதில் கரைந்தது. 'முறை வெற்றிகரமாக உறுதி செய்யப்பட்டது.' எந்த மனுஷன் வயிறு அப்படிச் சுற்றும் என்று மட்டும் எழுதவில்லை.

கீழே மூன்று கையெழுத்து. டாக்டர், மேடத்தை நம்பிப் போட்டிருந்தார். மேடம், சரிபார்த்தவரை நம்பிப் போட்டிருந்தார்.

சரிபார்த்தவர் நான்.

"நீயாடா?" என்றார் அங்கிள்.

அது நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள். சாப்பாட்டு நேரம், நல்ல பசி. மேடம் நாற்பது தாளை நீட்டி, "ஒவ்வொன்னையும் படிச்சிட்டு சைன் பண்ணு" என்றுதான் சொன்னார்.

நாற்பதிலும் சைன் பண்ணினேன்.