எட்டாம் தேதி பரிசத்துக்கு வராத மச்சானுக்கு

பெடாஸ்,
செப்டம்பர் மாதம் பதினெட்டாம் தேதி, புதன்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் தர்மேந்திரன் அவர்களுக்கு, உங்கள் தங்கை ராதாவின் கணவன் சுகுமாறன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ராதா, மகள் அர்ச்சனா மூவரும் உடம்பளவில் நலம். ஈப்போவில் நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். மேலே தேதியை எண்ணில் போடாமல் எழுத்தில் எழுதியிருக்கும் காரணம் போகப் போக விளங்கும். பத்து நாளாக நீங்கள் என் போனையும் எடுப்பதில்லை, ராதாவின் போனையும் எடுப்பதில்லை. நேற்று என் தம்பி போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தயவு செய்து கடைசி வரை படியுங்கள்.

அர்ச்சனாவின் பரிசத்துக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் செய்ய வேண்டாம், நானே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி அனைவருக்கும் அழைப்பு அனுப்புகிறேன் என்று அவள்தான் சொன்னாள். சிரம்பானில் அவள் பார்க்கும் வேலையும் அதுதானே. ஆகஸ்ட் நடுவில் நம் பக்கத்து ஜனம் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போனில் அனுப்பினாள். மந்தினில் இருக்கும் சம்பந்தி வீட்டாருக்கு மட்டும் நானும் ராதாவும் நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைத்தோம். அழைப்பு கிடைத்த அன்று மாலையே நீங்கள் ராதாவைக் கூப்பிட்டு, "எட்டாந்தேதிக்கு வந்துர்றேன்மா" என்றீர்கள், அவளும் "எட்டாந்தேதிண்ணே" என்றாள். எந்த மாதத்து எட்டு என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

செப்டம்பர் எட்டு காலை எட்டரை மணிக்கு எஸ்டேட் டேவானில், அந்தப் பொது மண்டபத்தில், நம் பக்கம் பதினோரு பேர் இருந்தோம். அதில் வீட்டு ஆள் மூன்று, பூசாரி ஒன்று, மீதி ஏழு பேர் லயத்து வீடுகளில் மிச்சம் இருக்கும், வாய்ப்பேச்சிலேயே தேதி தெரிந்த நம் ஆட்கள். பெடாஸில் கடை வைத்திருக்கும் நாகூர் கனி பாய் இருநூறு பேருக்குப் பசியாற இட்லியும் சாம்பாரும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "மத்தவங்கள்லாம் எங்க தங்கச்சி?" என்று ராதாவைக் கேட்டார். "வந்துடுவாங்க லா பாய்" என்றாள் அவள். அதற்குள் மந்தினிலிருந்து இரண்டு பஸ் வந்து நின்றது. அறுபத்தைந்து பேர் தட்டோடு இறங்கினார்கள். உட்கார வைத்தோம். அவர்களுக்கு எதிரே நம் பக்கம் இருநூறு நாற்காலி காலி. நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். கித்தா மரங்களுக்கு நடுவே வரும் மண்சாலையில் எது வந்தாலும் நம் கார் என்று நினைத்தேன். வந்தது ரப்பர் பால் ஏற்றும் ஒரு லோரி மட்டும்தான்.

ஒன்பது மணிக்கு மாப்பிள்ளையின் அத்தை தாயம்மா எழுந்து என் பக்கத்தில் வந்தார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் டேவான் காலியாக இருந்ததால் அனைவருக்கும் கேட்டது.

"உங்க சனமெல்லாம் எங்கங்க? ஒருத்தர்கூட வரலன்னா, உங்கள ஒதுக்கி வச்சிருக்காங்களா? எதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிருங்க. நாங்க எந்திரிச்சிப் போயிர்றோம்."

மச்சான், நான் மறுபடியும் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ராதா திரைக்குப் பின்னால் நின்று உங்களைப் போனில் கூப்பிட்டாள். நீங்கள் ஜொகூரில் லோரி இறக்கிக்கொண்டிருந்தீர்கள். "என்னம்மா இப்ப, இன்னும் ஒரு மாசம் கெடக்குல்ல" என்று நீங்கள் சொன்னதும் அவளுக்கு அழுகைதான் வந்தது, அதோடு லைன் போனது.

அப்போது மாப்பிள்ளை சுதன் எழுந்து என்னிடம் வந்து அந்த அழைப்பைக் காட்டச் சொன்னார். அவரும் அர்ச்சனா மாதிரி கம்ப்யூட்டர் வேலைதான். என் போனை வாங்கிப் பார்த்தார். அதில் "8/10/2024, காலை 9:09" என்று இருந்தது. நேராக மேடைக்குப் போய், பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்த அர்ச்சனாவிடம், "மாசத்துக்கு எந்த எம் போட்டீங்க?" என்று கேட்டார். பெண் பார்த்த நாளிலிருந்து என் காதுபட அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் லேப்டாப்பைத் திறந்து பார்த்தாள்.

"சின்னது."

"அப்ப நிமிஷத்துக்கு?"

"பெருசு."

எனக்கு விளங்கியதை எழுதுகிறேன். கம்ப்யூட்டருக்குள் தேதியும் நேரமும் வெறும் எண்ணாகக் கிடக்குமாம். அதை நாம் படிக்கிற மாதிரி எழுத்தாக மாற்றித் தர, யாரோ எழுதி வைத்த லைப்ரரி என்று ஒன்று இருக்கிறதாம். எந்த இடத்தில் என்ன வரவேண்டும் என்று ஆங்கில எழுத்தால் அதற்குச் சொல்ல வேண்டுமாம். மாதத்துக்குப் பெரிய எம், நிமிடத்துக்குச் சின்ன எம். இவள் மாற்றிப் போட்டுவிட்டாள். பூசாரி குறித்த நேரம் ஒன்பது பத்து. அந்தப் பத்து நிமிடம் போய் மாதத்தில் உட்கார்ந்து அக்டோபர் ஆகிவிட்டது, ஒன்பதாம் மாதம் நிமிடமாகிவிட்டது. ஒன்பதரைக்கு வைத்திருந்தால் முப்பதாம் மாதம் என்று வந்திருக்கும், எந்த மடையனும் போன் போட்டுக் கேட்டிருப்பான். பத்து என்பதால் ஒருவரும் கேட்கவில்லை.

சுதன் திரும்பி, "அத்தை, அவங்க சனம் வராம இல்ல. அடுத்த மாசம் வருவாங்க. எல்லாரும் வருவாங்க" என்றார். சம்பந்தி பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். தாயம்மா சிரிக்கவில்லை. நான் என்ன செய்வது என்று தெரியாமல் மேடையில் ஏறி அத்தனை பேர் முன்னால் மகளைத் திட்டினேன். "முப்பத்தோரு வருஷம் ஆலைல எடைக் கணக்கு எழுதுற கிராணியா இருந்தேன். ஒரு நம்பர் தப்பா பாத்ததில்ல. ஒரு எழுத்து ஒழுங்கா போடத் தெரியாதா ஒனக்கு?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாம்பா" என்றாள். அதற்குப் பிறகுதான் தாயம்மாவின் முகம் இளகியது. வீட்டில் நாங்கள் யாரும் அந்தச் செய்தியைப் பார்க்கவில்லை, முழுக்க அவள் பொறுப்பு என்று அவரிடமும் சொன்னேன்.

ஆனால் தட்டு மாற்றத் தாய்மாமன் வேண்டும் என்றார்கள். நல்ல நேரம் போவதற்குள், பத்தரைக்குள் முடிக்க வேண்டும். "நான் நேரத்தத்தான் பாக்கறேன், ஆள நீங்க பாருங்க" என்றார் பூசாரி. பத்து மணி இருபது நிமிடத்துக்கு நாகூர் கனி பாய் சாம்பார் வாளியைக் கீழே வைத்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "உங்க மச்சான் வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன். இருவது வருசமா தங்கச்சின்னுதானே கூப்புடுறேன்" என்றார். சம்பந்தி யோசித்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சரி என்றார். உங்களுக்கென்று ராதா வாங்கி வைத்திருந்த பட்டுத்துண்டைத்தான் அவர் தோளில் போட்டோம். வேறு துண்டு இல்லை மச்சான். அப்போது யாரோ போனில் எடுத்த படம்தான் குடும்பக் குழுவில் வந்து நீங்கள் பார்த்தது. உங்களை வேண்டாம் என்று ஒதுக்கத் தேதியை மாற்றிச் சொன்னோம் என்று நீங்கள் நினைப்பது சத்தியமாக உண்மை இல்லை. பாய் அந்தத் துண்டை அன்றே துவைத்து மடித்துக் கொடுத்துவிட்டார்.

கல்யாணம் நவம்பர் மாதம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் வந்து நிற்காவிட்டால் ராதா மண்டபத்துக்குள்ளேயே கால் வைக்க மாட்டேன் என்கிறாள். சின்னப் பிள்ளை செய்த தவறை மன்னித்து, அவளை ஆசீர்வதிக்க வாருங்கள். வீட்டில் அனைவருக்கும் என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
சுகுமாறன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். எல்லாருக்கும் அனுப்புவதற்கு முன் அர்ச்சனா அந்தச் செய்தியை எனக்கு மட்டும் அனுப்பி, "ஒரு தடவ பாத்துச் சொல்லுங்கப்பா" என்றாள். பார்த்தேன். நாள் எட்டு, மாதம் ஒன்பது, மணி ஒன்பது, நிமிடம் பத்து. செய்தியில் ஒரு எட்டு இருந்தது, இரண்டு ஒன்பது இருந்தது, ஒரு பத்தும் இருந்தது. வேண்டிய எண் எல்லாம் இருக்கிறது என்று "சரியா இருக்கு, அனுப்பு" என்றேன். மேடையில் நான் திட்டியபோது அவள் ஒரே ஒரு முறை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் தலை குனிந்தாள். நான் பார்த்துச் சரி என்றதை இன்றுவரை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல வாய் வரவில்லை. ஆகவே மச்சான், நீங்கள் வந்து என்னைத் திட்டுங்கள். அவள் காதில் விழும்படி திட்டுங்கள்.