வறண்ட கால்வாயில் மூழ்கிய மீராப்

உலகத்திலேயே கொலை நடக்காத ஒரே ஊர் சோர்பாக். அமீரின் ஆட்சிக்கு உட்பட்ட மற்ற ஊர்களில் மனிதர்கள் கண்டபடி வெட்டிக்கொண்டு செத்தார்கள். சோர்பாக்கில் அந்த அநாகரிகம் கிடையாது. இங்கே காய்ச்சலில் போனார்கள், கழுதை உதைத்துப் போனார்கள், ஒருவர் முதுகில் குத்திய கத்தியோடு அஜீரணத்தில் போனார். இந்தப் பெருமை முழுவதும் காவல் தலைவர் தூர்திகுல் ஒருவரையே சேரும். அவர் விசாரித்த எந்த வழக்கிலும் குற்றவாளி அகப்பட்டதில்லை. குற்றம் என்று ஒன்று இருந்தால்தானே, அகப்படுவதற்கு!

அப்படிப்பட்ட ஊரில், மேகம் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு கோடையில், எஷ்மத் பிணமாகக் கிடந்தார். எஷ்மத் ஊரின் மீராப். அதாவது கால்வாய்த் தண்ணீரை வயல்களுக்கு முறைவைத்துத் திறந்துவிடுகிற அதிகாரி. அந்தக் கால்வாய்க்குள்ளேயே கிடந்தார். கால்வாயில் தண்ணீர் இல்லை. வசந்தம் முடிந்ததிலிருந்தே இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் பல்லிகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. ஆனால் எஷ்மத்தின் உடுப்பு தொப்பலாக நனைந்திருந்தது. இடது பூட்ஸ் நிறையத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஒரு சிவப்பு மீன், உயிரோடு.

ஊரில் சிவப்பு மீன் இருந்த இடம் ஒன்றே ஒன்று: ஆளுநர் ரூஸிமுராத் பேக்கின் தோட்டக் குளம். கால்வாய்க்கு வரவேண்டிய தண்ணீர் முழுவதும் அந்தக் குளத்துக்குத்தான் திருப்பிவிடப்பட்டிருந்தது. பேக் அதில் படகு விட்டு மகிழ்வார். மதகைத் திறந்துவிடுங்கள் என்று கேட்க எஷ்மத் முந்தின நாள் மாலை பேக்கின் வீட்டுக்குப் போனதையும் பாதித் தெரு பார்த்திருந்தது. ஆக, அடுப்பிலிருந்து காலை ரொட்டி வெளியே வருவதற்குள் ஊர் துப்புத் துலக்கி முடித்துவிட்டது. ஊரே கண்டுபிடித்துவிட்ட ஒன்றைக் கண்டுபிடிக்கப்படாததாக மாற்றுவது எத்தனை கஷ்டமான உத்தியோகம் என்பது அந்தத் துறையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

தூர்திகுல் அதையும் சுலபமாகச் செய்து முடித்திருப்பார். கெடுத்தது ஓர் அங்கி.

பிணத்தை முதலில் பார்த்தவன் நோர்போய். கழுதைமேல் முள்விறகு ஏற்றி விற்கிறவன். தாயில்லாமல் கிடந்தவனைத் தூர்திகுலின் அம்மா தன் பாலைக் கொடுத்து வளர்த்தாள். அந்தச் சீமையில் இது கூடப்பிறந்த உறவுக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. சூது வாது தெரியாத அந்தப் பிள்ளை நேராகப் பேக்கிடம் ஓடிச் செய்தியைச் சொன்னான். நல்ல செய்தி கொண்டு வருகிறவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது அங்கே பெரிய வழக்கம். சுயுஞ்சி என்பார்கள். பிள்ளை பிறந்தது, தொலைந்த ஒட்டகம் திரும்பியது என்று யாராவது வந்தால் போதும், பேக் ஓர் அங்கியை எடுத்துப் போர்த்திவிடுவார். பாவம், அன்றைக்கு அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். “மீராப் செத்துட்டாருங்க” என்று காதில் விழுந்ததும் பக்கத்தில் கிடந்த ஜரிகை அங்கியை எடுத்து நோர்போயின் தோளில் போர்த்தி, “உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்டா” என்று முதுகிலும் தட்டிவிட்டார்.

பேக் போர்த்திய அங்கியை மூன்று நாள் கழற்றக்கூடாது. அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் நடக்க வேண்டும். எதிரே வருகிறவர்கள் அங்கியைத் தொட்டு வாழ்த்தி, என்ன நல்ல செய்தி கொண்டுபோனாய் என்று கேட்க வேண்டும். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். நோர்போய்க்குப் பொய் வராது. எல்லோருக்கும் சொன்னான்.

பேக் தூர்திகுலைக் கூப்பிட்டனுப்பினார். முகம் வெளிறிப்போயிருந்தது. முலாம்பழப் பருவம் ஆகையால் அமீரின் தூதர் சோர்பாக்குக்கு வந்துகொண்டிருந்தார். அங்கி விஷயம் வழியிலேயே அவர் காதுக்கு எட்டிவிட்டது.

“நான் என்னய்யா பண்ணுவேன்? கை தானா போயிடுச்சு.”

“கையை யாரும் குத்தம் சொல்ல முடியாதுங்க.”

“அந்த முள்ளு விக்கிறவன்தான் கொன்னான்னு முடிச்சு விட்டுடு.”

“முடிச்சுடலாங்க. ஆனா கொலைகாரனுக்கு ஜரிகை அங்கி போர்த்தினது யாருன்னு தூதர் கேப்பாரே.”

பேக் தாடியைத் தடவினார். “அப்ப அங்கியோட சேத்துப் புதைச்சுடு” என்றார்.

நோர்போயைப் பாதாளச் சிறையில் இறக்கினார்கள். தூர்திகுலுக்கு அன்று சோறு இறங்கவில்லை. உத்தியோகம் வேறு, பாசம் வேறு என்று சொல்லிப் பார்த்தார், வயிறு கேட்கவில்லை. ஒரே மார்பில் பால் குடித்தவன். அவன் தலை போனால் அம்மா கபர்க்குழியிலிருந்து எழுந்து வந்து கேட்பாள். குழியின் விளிம்பில் போய்க் குனிந்து பார்த்தார். கீழே இருட்டில் ஜரிகை மட்டும் மினுமினுத்தது.

“அண்ணே, இதைக் கழட்டிடவா? இங்க இருக்கற பூச்சியெல்லாம் இதுலதான் குடியேறுது.”

“கழட்டாதடா. மூணு நாள் ஆகல.”

“நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?”

“கேட்டவங்களுக்கெல்லாம் பதில் சொன்னியே, அதான்.”

“கேட்டா சொல்லாம எப்படிண்ணே?”

தூர்திகுலுக்குக் கண் கலங்கிவிட்டது. இவனை எப்படியாவது காப்பாற்றியே தீர்வது என்று அங்கேயே முடிவு செய்தார். அந்த மூளையில் உதித்த யோசனையைத் தங்கத்தில் பொறிக்க வேண்டும். பேக் அங்கி போர்த்தினார் என்றால் வந்தது நல்ல செய்தி. வறட்சியில் செத்துக்கொண்டிருக்கும் ஊருக்கு நல்ல செய்தி என்னவாக இருக்க முடியும்? கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது! நோர்போய் அதைத்தான் சொன்னான். மீராப் செத்ததை அதோடு சேர்த்து ஒரு பேச்சுக்குச் சொன்னான். தண்ணீர் வந்ததற்கு ஆதாரம்? மீராப் மூழ்கியிருக்கிறாரே. மூழ்கியதற்கு ஆதாரம்? நனைந்த உடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக மீன். தண்ணீர் இல்லாத கால்வாய்க்கு மீன் நடந்தா வரும்? கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை, பேக்கின் மானமும் போகவில்லை, தம்பியின் தலையும் போகவில்லை. பேக் இதைக் கேட்டுவிட்டுத் தூர்திகுலைக் கட்டி அணைத்துக்கொண்டார்.

நோர்போயைச் சம்மதிக்க வைப்பதுதான் சிரமமாக இருந்தது. கால்வாயில் பல்லிதானே இருந்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கடைசியில் தூர்திகுல் அம்மாவின் பால்மேல் சத்தியம் வாங்கினார். அதற்கப்புறம் அவன் பல்லிப் பேச்சை விட்டுவிட்டான்.

தூதர் வந்தார். மேடையில் உட்கார்ந்து, முலாம்பழத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே விசாரணை நடத்தினார். மீன் ஒரு கிண்ணத்தில் சாட்சியாக நீந்தியது. கால்வாயில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டதற்கு நோர்போய் தலையைக் குனிந்துகொண்டு, “இருந்துச்சுங்க” என்றான். கூட்டத்தில் ஒருவர் இருமினார். தூர்திகுல் திரும்பிப் பார்த்ததும் அவருக்கு இருமல் குணமாகிவிட்டது. விபத்து என்று தூதர் சொல்லப்போகிற சமயத்தில் எஷ்மத்தின் மனைவி ஒய்தின் எழுந்தாள்.

“என் வீட்டுக்காரர் கால்வாய்த் தண்ணியிலதான் முழுகினாருன்னு பெரியவங்க நீங்க சொன்னா, நான் ஒத்துக்கறேன்” என்றாள். “ஆளையே முழுக வெச்ச தண்ணி ஆச்சே, கொஞ்சமாவா இருக்கும்? அதுல என் வயலுக்கு உண்டான பங்கை இன்னைக்கே திறந்துவிடச் சொல்லுங்க. ஊருக்கும் விடச் சொல்லுங்க.”

பேக்குக்குப் பழம் தொண்டையில் சிக்கியது. நல்ல அடிதான் அடித்தாள். ஆனால் அரசாங்கத்தை அறிவால் அடித்து வீழ்த்தியவர்கள் யார்? தூதர் அதில் இருந்த நியாயத்தை மெச்சினார். தண்ணீர் இருப்பது நிரூபணம் ஆகிவிட்டது, ஆகவே பங்கிட வேண்டியதுதான், இப்போது மீராப் யார் என்று கேட்டார். பேக் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. தண்ணீரைக் கண்ணால் பார்த்த ஒரே ஆளான நோர்போயைவிடத் தகுதியானவர் உண்டா என்று அவன் தோளைத் தொட்டுக் காட்டினார். ஒரே நாளில் தம்பிக்குத் தலையும் தப்பி, பதவியும் கிடைத்ததைப் பார்த்துத் தூர்திகுல் எல்லோர் எதிரிலும் தேம்பி அழுதார்.

அந்தக் கோடை முழுவதும் நோர்போய் கடமையைச் செய்தான். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வயலாகப் போய், முறை தவறாமல் வாய்க்காலை வெட்டிவிட்டான். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டு வந்தான். முதலில் சிரித்தவர்கள் பிறகு திட்டினார்கள், பிறகு அவன் முகத்தைப் பார்த்துத் திட்டுவதையும் விட்டார்கள். பேக்கிடம் போய் மதகைத் திறக்கச் சொல்லி நாலைந்து முறை கேட்டான். “கால்வாயிலதான் தண்ணி இருக்கே, நீதானே பாத்தே” என்று பேக் படகிலிருந்தபடியே அன்போடு விசாரித்து அனுப்பினார். அண்ணனிடம் சொன்னபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் குளிர்காலம் வந்து எல்லாம் சரியாகிவிடும் என்று அவரும் ஆறுதல் சொன்னார்.

குளிர்காலத்துக்கு முன்னால் அறுவடைக் காலம் வந்தது. அறுக்க ஒன்றும் இல்லை. அமீருக்குச் சேர வேண்டிய கோதுமை ஒரு மூட்டைகூடப் போகவில்லை என்றதும் தூதர் மறுபடி வந்துவிட்டார். இம்முறை பழம் சாப்பிடவில்லை. கால்வாயில் ஆள் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தது என்பது தம் முன்னிலையில் தீர்ப்பான விஷயம். அப்படியிருந்தும் வயல்கள் காய்ந்தன என்றால் அத்தனை தண்ணீரும் எங்கே போனது? தண்ணீர் யார் பொறுப்பில் இருந்தது? தண்ணீர் திருடினால் அந்தச் சீமையில் ஒரே தண்டனைதான்.

திருட்டுப் பொருளைத் தேடி நோர்போயின் குடிசைக்குப் போனவர் தூர்திகுலேதான். வேறு யார் போனாலும் முறையாக நடக்காது. மூலையில் ஒரு மண்குடுவை இருந்தது. அதில் பாதி தண்ணீர். ஒய்தின் தன் கிணற்றின் அடியிலிருந்து வண்டலோடு மொண்டு, தெளியவைத்துக் கொடுத்தனுப்பியது. குடுவையைக் கைப்பற்றிவிட்டு, தம்பியின் கைகளைத் தூர்திகுலே கட்டினார். முடிச்சு இறுகாமல் பார்த்துக் கட்டினார். அந்த நல்ல மனசையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

“அண்ணே” என்றான் நோர்போய். “அன்னைக்கே விட்டிருந்தா நான் கொலைகாரன்னு மட்டும்தான் செத்திருப்பேன். இப்ப இந்த ஊரையே பட்டினி போட்டவனா சாகறேன்.”

தூர்திகுல் குடுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் மைதானத்தில் ஊரைக் கூட்டினார்கள். குடுவையைச் சாட்சியாக ஒரு முக்காலியில் வைத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. குற்றப்பத்திரிகையோ நீளமானது. கால்வாய் முழுவதையும் களவாடியவன் என்று தொடங்கி, ஊர்க்காரர்களின் பட்டினி ஒவ்வொன்றையும் அவன் பெயரில் எழுதியிருந்தார்கள். தூர்திகுல் கணீரென்று வாசித்தார். பாதியில் தொண்டை வறண்டு குரல் எழும்பவில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு, தம்பி பார்த்துக்கொண்டிருக்க, ஒய்தின் பார்த்துக்கொண்டிருக்க, சோர்பாக்கின் காவல் தலைவர் அந்தக் குடுவையை எடுத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, மீதியை வாசித்தார்.