மேலதிகாரிக்கு முப்பத்தாறரை மதிப்பெண்

கட்டணம் வாங்கிக்கொண்டு, பொதுமக்கள் முன்னிலையில் ஒருவர் ஜெயித்து இன்னொருவர் தோற்கிற எந்த நிகழ்ச்சிக்கும் போட்டிகள் மேற்பார்வைத் துறையிலிருந்து ஒரு நடுவர் போய் உட்கார வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி வந்து முப்பது வருஷமாகிறது. அதற்கு முன்னால் யார் ஜெயித்தார்கள் என்பதை மக்கள் கண்ணால் பார்த்தே தெரிந்துகொண்டிருந்தார்கள். அந்த முறைகேட்டைக் களையத்தான் துறையே உருவானது.

அந்தத் துறையில் தலைமை எழுத்தர் ஒருவருக்கு அரைமார்க் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. பேச்சுப் போட்டி, கையெழுத்துப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று பத்தொன்பது வருஷமாக மதிப்பெண் போட்டுவருகிறவர். முழு எண்ணாக யாருக்கும் போட்டதில்லை. ஏழு போடலாம் என்று பேனாவை எடுத்தால் எங்கோ ஒரு சின்னக் குறை கண்ணில் படும், ஆறரை போடுவார். போட்டதை மாற்றியதும் கிடையாது. ஒரு முறை அமைச்சர் வீட்டு நாய்க்கு நாலரை போட்டுவிட்டார். அது அமைச்சர் வீட்டு நாய் என்று மூன்று பேர் வந்து காதில் சொன்ன பிறகும் நாலரையிலேயே நின்றார். வாழ்க்கையில் அவருக்கு இருந்த பெருமை அது ஒன்றுதான். பதவி உயர்வு வராததற்கும் அதுதான் காரணம் என்பது அவர் மனைவியின் கருத்து.

"என் தம்பி கண்காணிப்பாளராகி ரெண்டு வருஷமாச்சு. நான் ஒண்ணும் சொல்லல," என்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்பதை வாரத்துக்கு மூன்று தடவையாவது சொல்வாள்.

ஒரு வெள்ளிக்கிழமை துணை இயக்குநர் அவரைக் கூப்பிட்டனுப்பினார். ஊருக்குத் தொழில்முறை மல்யுத்தக் காட்சி வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை நடுவராகப் போய் உட்காரும் என்றார். தமக்கு மல்யுத்தம் பற்றி ஒன்றும் தெரியாது என்று அரைமார்க் பணிவோடு தெரிவித்துக்கொண்டார்.

"நாயைப் பத்தித் தெரியுமா உமக்கு? அதுக்குப் போகலையா?" என்று கேட்டார் துணை இயக்குநர். யோசித்துப் பார்த்தபோது அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்து அவர் குரலைத் தாழ்த்தினார். அரைமார்க்கின் கண்காணிப்பாளர் பதவிக்கான கோப்பு தம் மேஜையில்தான் கிடக்கிறது. இந்த அறிக்கை ஆட்சேபணை ஏதும் இல்லாமல் மேலே போய்விட்டால் திங்கட்கிழமையே கையெழுத்து. அறிக்கை ஒன்று, முடிவு இன்னொன்று என்று ஆனால் கோப்பு இன்னும் ஐந்து வருஷத்துக்கு அலமாரியை விட்டு இறங்காது. ஆகவே அறிக்கையை நாளைக்கே தட்டச்சு செய்து கொடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்குச் சனிக்கிழமை அறிக்கை என்பதில் அரைமார்க்குக்கு வியப்பு ஒன்றும் இல்லை. துறையில் எல்லா ஆய்வறிக்கைகளும் ஆய்வுக்கு முந்தின நாளே தயாராகிவிடும். ஆய்வு நடப்பதால் வேலை தடைபடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான் காரணம். வென்றவர் பெயரை எழுத வேண்டிய இடத்தில் மட்டும் அவர் கை நின்றது. எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று காட்சி நடத்தும் முதலாளிக்குப் போன் போட்டார்.

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எரிமலை என்ற வீரன் ஜெயிப்பான், மேலதிகாரி என்ற வீரர் தோற்பார், பதினெட்டாவது நிமிஷம், தாடையில் உதை என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது விவரம் வேண்டுமா என்று கேட்டார். அரைமார்க் மனம் நெகிழ்ந்துபோனார். தனியார் துறையில் இப்படியொரு ஒழுங்கை அவர் பார்த்ததே இல்லை. இதையெல்லாம் மூன்று பிரதிகளில் முறைப்படி அனுப்பியிருக்கலாமே என்ற ஒரே வருத்தம்தான் அவருக்கு. எரிமலையின் பெயரை நிரப்பி அறிக்கையை அனுப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தகரக் கூரை போட்ட அரங்கத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார். வீரர்களைப் பார்வையிட வேண்டியது நடுவரின் கடமை என்பதால் உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தார். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாம்பல் நிற சஃபாரி. பையில் மூன்று பேனா. மூக்கு நுனியில் கண்ணாடி, கக்கத்தில் கோப்பு. யாரோ ஆய்வுக்கு வந்துவிட்டார்கள் என்று அரைமார்க் நினைத்துவிட்டார். சட்டைக் கைமடிப்பை அவசரமாக இறக்கிவிட்டுக்கொண்டு, சுவரோரமாக ஒதுங்கி, வணக்கம் சார் என்றார்.

"உக்காருங்க சார். நான் தோக்குறவன்," என்றார் சஃபாரிக்காரர்.

இருபத்து மூன்று வருஷமாகத் தோற்கிறாராம். பூதமாக வந்து தோற்றார், கரடியாக வந்து தோற்றார். ஜனங்களுக்குக் கோபமே வரவில்லை. கரடி அவர்களை என்ன செய்தது? ஒரு நாள் கரடித் தோல் கிழிந்துபோனதால் யாரோ விட்டுப்போன இந்த சஃபாரியைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். அன்றைக்கு எழுந்த கூச்சலில் முதலாளி கண்கலங்கிவிட்டாராம்.

அரைமார்க் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேலதிகாரின்னா, எந்த டிபார்ட்மெண்ட்?"

"அதைச் சொல்றதில்ல சார். சொன்னா அந்த ஒரு டிபார்ட்மெண்டால கஷ்டப்பட்டவங்க மட்டும்தான் வருவாங்க. சொல்லலேன்னா எல்லாரும் வருவாங்க."

எல்லாரும் வந்திருந்தார்கள். தொள்ளாயிரம் இருக்கைகளிலும் ஆள். முன்வரிசையில் ஒருவர் அந்தப் புழுக்கத்திலும் குரங்குக் குல்லா போட்டு, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார்.

மேலதிகாரி இருபது நிமிஷம் தாமதமாக மேடையேறினார். எரிமலை இருபத்தைந்து வயது இளைஞன். கையில் ஒரு மனுவோடு காத்திருந்தான். மேலதிகாரி மனுவை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் படித்தார். பக்கத்து ஜன்னலுக்குப் போகச் சொன்னார். அங்கே பக்கத்தில் ஜன்னலே இல்லை. பிறகு நாளைக்கு வா என்றார். தொள்ளாயிரம் பேரும் ஒரே தொண்டையாக அலறினார்கள். ஒருத்தர் மேனேஜர் பெயரைச் சொல்லித் திட்டினார், ஒருத்தர் தாசில்தாரை, ஒரு அம்மாள் மாமனாரை. குரங்குக் குல்லாக்காரர் நாற்காலிமேல் ஏறி நின்று, "காதுலயே போடு அவனை," என்று கத்தினார். அந்தக் குரலை அரைமார்க்குக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதான் அது அவரிடம் நாயைப் பற்றிக் கேட்டது.

சண்டை தொடங்கியது. மல்யுத்தத்துக்கென்று தனி மதிப்பெண் படிவம் இன்னும் அச்சாகி வராததால், துறை பேச்சுப் போட்டிப் படிவத்தையே கொடுத்தனுப்பியிருந்தது. குரல் வளம், உச்சரிப்பு, மெய்ப்பாடு, அவையோரைக் கவர்தல், நேரம் பேணல். தலைப்புக்குப் பத்து.

எரிமலை உதைத்தான். கால் தாடைக்கு ஒரு சாண் இப்பாலேயே நின்றுவிட்டது. ஆனாலும் மேலதிகாரி அந்த உதையைக் கைவிடவில்லை. அது முடியும்வரை பொறுத்திருந்து, அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, கோப்பிலிருந்த காகிதமெல்லாம் பறக்க, பலகை அதிர விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து அவர் போட்ட ஓலம் கடைசி வரிசைவரை கேட்டது. படாத அடிக்கு விழுவதற்கு எவ்வளவு பொறுப்புணர்ச்சி வேண்டும் என்று அரைமார்க் வியந்தார். குரல் வளம், ஒன்பதரை. மெய்ப்பாடு, ஒன்பதரை. எரிமலை நடுவில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டதை இரண்டு முறை பார்த்தார். நாலரைக்கு மேல் போட மனம் வரவில்லை.

பதினெட்டாவது நிமிஷம் மேலதிகாரி மல்லாந்தார். மேடையில் சண்டையைக் கவனித்துக்கொண்டிருந்த கோடு போட்ட சட்டைக்காரர் மூன்று எண்ணி எரிமலையின் கையைத் தூக்கிவிட்டார். ஆனால் நடுவர் வாசித்தால்தான் முடிவு முடிவாகும். அரைமார்க் கூட்டிப் பார்த்தார். மேலதிகாரி முப்பத்தாறரை, எரிமலை பதினேழரை. மறுபடி கூட்டினார். கீழிருந்து மேலாகவும் கூட்டினார்.

மேலே போன அறிக்கையில் எரிமலை ஜெயித்திருக்கிறான். கோப்பு மேஜையில் கிடக்கிறது. மனைவி ஒன்றும் சொல்லாமல் வீட்டில் இருக்கிறாள். மாற்றினால் என்ன என்று பேனா கேட்டது. அப்படியானால் இத்தனை வருஷமும் போட்ட நாலரைகளுக்கும் ஆறரைகளுக்கும் என்ன பொருள் என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். எழுந்து மைக்கைப் பிடித்தார். பத்தொன்பது மதிப்பெண் வித்தியாசத்தில் மேலதிகாரி வெற்றி என்று அறிவித்தார்.

அரங்கம் அமைதியானது. செத்துக் கிடந்த மேலதிகாரி ஒரு கண்ணைத் திறந்தார். உருண்டு மேடை விளிம்புக்கு வந்து, நடுவர் மேஜைப் பக்கம் தலையைத் தொங்கவிட்டார்.

"என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க சார்."

"நீங்கதானே சார் நல்லா செஞ்சீங்க?"

"நல்லா செய்யுறதாலதான் சார் தோக்கவே முடியுது. நான் ஜெயிக்கிறதைப் பாக்க எவன் சார் வருவான்?"

விதிமுறைப்படி வெற்றியை மறுக்க வென்றவருக்கு அதிகாரம் இல்லை என்று அரைமார்க் விளக்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது வரிசையில் சாப்பாட்டுப் பையோடு இருந்த ஒரு மனிதர் எழுந்து நின்றார். அவர் கத்தவில்லை. பக்கத்திலிருப்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"அங்கதான் தினம் அவன் ஜெயிக்கிறான். இங்கேயுமா?"

சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழுந்தார்கள். யாரும் நாற்காலியைத் தூக்கி எறியவில்லை. ஜன்னல் மூடியாகிவிட்டது, நாளைக்கு வர வேண்டியதுதான் என்று கவுண்டரிலிருந்து திரும்புகிறவர்களைப்போல வரிசையாக வாசலை நோக்கி நடந்தார்கள். கல்லெறிந்திருந்தால் அரைமார்க் தாங்கியிருப்பார். அந்த வரிசையை அவரால் பார்க்க முடியவில்லை.

உட்கார்ந்தார். முப்பத்தாறரையில் இருந்த மூன்றை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே ஒன்று என்று எழுதினார். பதினாறரை. பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் இட்டார். திருத்தத்துக்கான காரணம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்து, பொதுமக்கள் நலன் கருதி என்று எழுதினார். அவர் கொடுத்த மதிப்பெண்களிலேயே உண்மையாக நலன் கருதியது அது ஒன்றுதானோ என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

எரிமலை ஜெயித்தான் என்று திரும்ப அறிவித்தபோது, வாசல்வரை போனவர்கள் ஓடிவந்தார்கள். மேலதிகாரி நிம்மதியாகக் கண்ணை மூடி மறுபடி செத்தார். எழுந்த கூச்சலில் கூரைத் தகரத்திலிருந்து தூசி கொட்டியது.

திங்கட்கிழமை துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டார். தொண்டை கட்டியிருந்ததால் சைகையில்தான் வாழ்த்தினார். நேற்று எங்கே போயிருந்தார் என்று அரைமார்க் கேட்கவில்லை. அந்தத் திருத்தம் ஏன் என்று அவரும் கேட்கவில்லை. மனைவி தம்பிக்குப் போன் போட்டு, தான் ஒன்றும் சொல்லவில்லை என்று அரை மணி நேரம் பேசினாள்.

காட்சியை இனி தினமும் என்று இன்னும் நான்கு வாரம் நீட்டித்தார்கள். ஊழியர்கள் தனித்தனியாக விடுப்பு எடுத்துக்கொண்டு போவதால் பணி பாதிக்கப்படுகிறது என்று கண்டறிந்த துறை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் மொத்தமாகவே அழைத்துப் போயிற்று. இருக்கைகள் பதவி வரிசைப்படி ஒதுக்கப்பட்டன. முதல் வரிசையில் இயக்குநர். இரண்டாவதில் துணை இயக்குநர்கள். மூன்றாவதில் கண்காணிப்பாளர்கள். அதற்குப் பின்னால் எழுத்தர்கள், தட்டச்சர்கள், கடைசியில் கடைநிலை ஊழியர்கள்.

மேலதிகாரி மேடையேறி நாளைக்கு வா என்றதும் அத்தனை வரிசையும் எழுந்து நின்றது. ஒவ்வொரு வரிசையின் கூச்சலும் அதற்கு முந்தின வரிசையின் பிடரியில் போய் விழுந்தது. முன்னால் யாரும் இல்லாத இயக்குநர் மட்டும் தலைமைச் செயலகம் இருக்கும் திசையைப் பார்த்துக் கத்தினார்.

அரைமார்க் துணை இயக்குநரின் பிடரியைப் பார்த்தபடி தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அவர் பிடரியிலும் சூடாக மூச்சுக்காற்று பட்டது. பின்வரிசையில் அவருடைய எழுத்தர்கள் ஏழு பேரும், போன வாரம்வரை அவரோடு டீ குடித்தவர்கள், ஒரே குரலில் விடாதே, போடு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். நல்ல கூச்சல். குரல் வளத்துக்கு மட்டும் ஒன்பதரை போடலாம்.

திரும்பிப் பார்த்தால் அது நின்றுவிடும். அவர் திரும்பவில்லை.