என் மகளுக்கு இருநூறு வயது ஆகவில்லை

பிரிட்லிங்டன்,
மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை.

'பழம்பாட்டு' மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

நகரப் பேருந்து ஓட்டுநர் கிளிஃபர்ட் எல்லர்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டாரும், தங்கள் இரண்டு காதுகளும் நலமாக இருக்க விழைகிறேன். காதுகளைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் உண்டு.

சென்ற இதழில் என் மகள் ஹெஸ்டரின் முதல் இசைத்தட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். குரல் நன்று, கிட்டார் நன்று என்று ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தவர், 'வாடையில் போன அப்பன்' என்ற பாட்டுக்கு வந்ததும், இது இருநூறு ஆண்டுப் பழமையான மீனவர் பாடல், இயற்றியவர் பெயர் தெரியவில்லை, இந்தப் பெண் மூன்றாம் அடியில் சொல்லை மாற்றிக் கெடுத்துவிட்டாள் என்று முடித்திருந்தீர்கள். ஐயா, இயற்றியவர் பெயர் எனக்குத் தெரியும். அவளுக்கு வயது இருபத்து மூன்று. இப்போது மாடி அறையில்தான் இருக்கிறாள். ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடாதே என்று காலையில்கூடத் திட்டினேன்.

அந்தப் பாட்டில் கடலோடு போன அப்பன் வேறு யாருமில்லை, நான்தான். பூங்காக் குளத்தில் அன்னப்படகு மிதித்தாலே எனக்கு வாந்தி வரும், நான் எங்கே கடலில் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் போவது? நடந்தது இவ்வளவுதான்: போன வருஷம் பனி கொட்டிய ஒரு சாயங்காலம், என் பஸ் டிரிஃபீல்டுக்கு அப்பால் மேட்டுச் சாலையில் நின்றுவிட்டது. கைப்பேசியும் செத்துப்போயிற்று. உள்ளே சில பயணிகளும் ஒரு கூடைக் கோழியும். இங்கே வீட்டில் என் தட்டு ஆறிக்கொண்டிருக்க, ஹெஸ்டர் ஜன்னலைப் பார்த்தபடி என்னவோ முனக ஆரம்பித்திருக்கிறாள். நான் காலில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது நாலு சரணம் முடிந்திருந்தது. என் மனைவி வெண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வந்துட்டீங்களா? இப்பதாங்க உங்களை முழுகடிச்சா. அருமையா இருக்கு, கேளுங்க" என்றாள். பஸ் என்று வைத்தால் மெட்டில் உட்காரவில்லையாம், அதனால் படகு என்று வைத்தாளாம்.

அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. நில அளவைப் படிப்பைப் பாதியில் விட்டவள். ஜனங்கள் கால்பந்து பார்த்துக்கொண்டிருக்கும் மதுக்கடைகளில் அவர்களுடைய முதுகுகளுக்குப் பாடியவள். மாப்பிள்ளை ஓடிப்போன ஒரு கல்யாணத்தில், அவனைத் தேடிப் போனவர்கள் திரும்பும்வரை நிறுத்தாமல் பாடச் சொல்லி, தொண்டை கட்டி வீடு வந்தவள். கதவைக் கயிற்றால் கட்டிய வேனில் ஊர் ஊராகப் போகிறாள். இத்தனையும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் 'மூன்று நண்டுகள்' கடையின் மாடியில் திங்கட்கிழமைதோறும் கூடும் பாட்டுச் சங்கத்துக்குப் போனாள். சுற்றி உட்கார்ந்து, முறை வரும்போது, சுருதி தப்பாமலிருக்க ஒரு காதில் விரலை வைத்துக்கொண்டு பாடுகிற கூட்டம் அது. உங்களுக்குத் தெரியாததா? இவள் முறை வந்தது. இரண்டாம் தடவை பல்லவி வந்ததும் மொத்த அறையும் சேர்ந்துகொண்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவள் பாடியதைப் பார்த்து, பெற்றவன் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாட்டு முடிந்தது. 'இது நான் எழுதியது' என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் சங்கத் தலைவர் நார்மன் ப்ளெங்கின் முந்திக்கொண்டார்.

"எங்க தாத்தா வலை பின்றப்ப இதைத்தான் பாடுவாரு. ஆனா பாப்பா, மூணாவது அடியில 'வலை'ன்னு வராது, 'அலை'. உனக்கு யாரோ தப்பா சொல்லிக் குடுத்திருக்காங்க."

இந்த அசடு, "சரிங்கய்யா" என்று உட்கார்ந்துவிட்டது. அன்றைக்குப் பிடித்தது சனியன். விட்பியில் பாடினார்கள். கிரிம்ஸ்பியில் காணாமல்போன ஐந்து சரணங்களைக் 'கண்டுபிடித்தார்கள்'. லீட்ஸிலிருந்து ஓர் அறிஞர் வந்து ப்ளெங்கினின் தாத்தாவைப் பற்றிப் பதிவு செய்துகொண்டு போனார். கடைசியில், இளைஞர்கள் சொந்தப் பாட்டுப் பாடும் கோடை விழா மேடைக்கு ஹெஸ்டர் இதை அனுப்பினால், 'பழைய பாடல்களை ஏற்பதில்லை' என்று உங்கள் பக்கத்தையே இணைத்துத் திருப்பிவிட்டார்கள். அந்த மேடை ஏறினால்தானே ஐயா நாலு ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? என்னதான் நினைச்சுட்டு இருக்கீங்க? புள்ள ராப்பகலா உழைக்கும், பேரை மட்டும் செத்துப்போன யாரோ தூக்கிட்டுப் போவானா? அடுத்த இதழில், முதல் பக்கத்தில், 'இயற்றியவர் ஹெஸ்டர் எல்லர்பி' என்று திருத்தம் போட வேண்டும். போடும்வரை விடமாட்டேன். பனியிலேயே பஸ்ஸை விட்டுவிட்டு ஓடாதவன் நான்.

தங்கள் இதழ் தழைக்கட்டும். வீட்டிலுள்ள அனைவருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
கிளிஃபர்ட் எல்லர்பி (உயிருடன்)

பி.கு.: தபால்தலை கிடைக்காமல் இந்தக் கடிதம் செவ்வாய்வரை கோட்டுப் பையிலேயே கிடந்தது. நல்லவேளை. நேற்றுச் சங்கத்தில், ஹெஸ்டர் சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, நான் எழுந்து நின்று உண்மையைப் போட்டு உடைத்தேன். ப்ளெங்கின் காதிலிருந்து விரலை எடுத்தார். "புதுப் பாட்டா? சொல்லவே இல்லியே பாப்பா" என்றார். பிறகு அவளைப் பாடச் சொன்னார்கள். எல்லாரும் கையை மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்கள். பல்லவிக்கு ஒரு வாய் திறக்கவில்லை. முடிந்ததும் மெதுவாகக் கைதட்டி, "ரொம்ப நல்லாயிருந்துச்சும்மா" என்றார்கள். எங்கள் ஊரில் இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட முடியாது.

வரும் வழியில் ஹெஸ்டர் கோபப்படவில்லை. "அந்த மேடைக்கு வேற பாட்டு எழுதிக்கலாம்ப்பா. இவங்க வாயை இனிமே எப்படித் திறக்க வைக்கிறது?" என்றாள். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகவே இன்று காலை ப்ளெங்கின் வீட்டுக்குப் போய், நேற்றுக் குடித்துவிட்டு உளறியதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தேநீர் தவிர வேறெதையும் நான் குடித்ததில்லை. "அப்பவே தெரியும்டா கிளிஃப்! பெத்த பாசத்தோட ரெண்டு கிளாஸ் உள்ள போனா என்னதான் பேசத் தோணாது? போ, போ, பாப்பாவைத் திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார். கதவு சாத்தியபின் உள்ளே அவர் அந்தப் பாட்டை முனகுவது கேட்டது.

முதலிலிருந்து திருப்பி எழுதத் தெம்பில்லை. மேலே இருப்பதைத் தயவுசெய்து படிக்காதீர்கள். திருத்தம் எதுவும் வேண்டாம். 'இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்பதை மட்டும் அடுத்த இதழில் இன்னொரு முறை, கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். வெண்டி அதைக் கத்தரித்து ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டப்போகிறாள்.